யாருடைய தாடை

எலுமிச்சம்பழத்தை விரலில் மாட்டிக்கொண்டு ஒரு மனுஷன் புற்றுநோய் மருத்துவமனைக்கு வருவார் என்று யார்தான் நினைப்பார்கள்! மாரப்பன் அப்படித்தான் வந்தார். காங்கேயத்துப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர். வலது கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. நகச்சுத்திதான் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லி, பழத்தைக் குடைந்து விரலில் தொப்பியாக மாட்டிவிட்டிருந்தார்கள். வாரக்கணக்காகப் பழம்தான் மாறியது, வீக்கம் மாறவில்லை.

"இதுக்குப் போயி இங்க அனுப்பிச்சுட்டாருங்க எங்கூரு டாக்டரு. ஊருச் சனம் என்ன நெனைக்கும்?" என்று அலுத்துக்கொண்டார்.

"சித்த நேரம் பேசாம இருங்க. பழத்தக் கழட்டிக்குங்க," என்றாள் தெய்வானை. அவர் பின்னந்தலையில் ஒரு பட்டையை ஒட்டினாள். அதன் ஜோடியைத் தன் பின்னந்தலையில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

மறுகணம் அவளுடைய கட்டைவிரல் தெறித்தது. நகச்சுத்தி வலி அவளுக்குத் தெரியும். தோலுக்கடியில் நின்றுகொண்டு, தொட்டால் துள்ளும். இது எலும்புக்குள்ளிருந்து வந்தது, யாரும் தொடாமலே, விடாமல். மூச்சை இழுத்து முடிக்கும் இடத்தில் நெஞ்சில் ஒரு சின்னப் பிடிப்பும் இருந்தது. அதை மாரப்பன் கவனித்தே இருக்கமாட்டார்.

"நெஞ்ச ஒரு படம் எடுத்துரலாமுங்க."

"வெரல்ல வலின்னா நெஞ்ச எதுக்கும்மா படம் புடிக்கறீங்க?"

"நெஞ்சுல இருக்கறது வெரல்ல வந்து எட்டிப் பாக்குதோன்னு ஒரு சந்தேகமுங்க."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. தெய்வானைக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இதைச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம்.

உணரி என்கிற வேலை வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. பரவிய புற்றுநோய் கள்ளத்தனமானது. பிறந்த இடத்தில் மூச்சே விடாமல் இருந்துவிட்டு, போன இடத்தில் வேறு வேஷம் கட்டும். நுரையீரலில் இருப்பது விரல் நுனியில் வீங்கும். வயிற்றில் இருப்பது தொப்புளில் ஒரு கட்டியாக முளைக்கும். பல் பிடுங்கிய குழி ஆறாமல் கிடக்கும், நாம் பல்வைத்தியரைத் திட்டிக்கொண்டிருப்போம். நோயாளிக்குச் சொல்லத் தெரியாது, டாக்டருக்குக் கேட்க நேரமிருக்காது. அதனால்தான் ஒருவர் உடம்பு உணர்வதை இன்னொருவர் உடம்பில் உணரவைக்கும் இந்தப் பட்டை வந்தது. தெய்வானையின் கைராசி மாவட்டம் பூராவும் பிரசித்தம்.

இந்தப் பிழைப்பில் ஒரு தொல்லை உண்டு. பட்டையைக் கழற்றிய பிறகும் நோயாளியின் உணர்வு கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். உணரிகள் அதை 'மிச்சம்' என்பார்கள். அதைப் போக்க அவர்களே ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். ஒரு கை கல்லுப்பை எடுத்து, வலிக்கிற இடத்தைச் சுற்றி, "உன்னுது உன்கிட்ட, என்னுது என்கிட்ட" என்று சொல்லித் தொட்டித் தண்ணீரில் போட்டுவிடவேண்டும். டாக்டர்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் தொட்டிக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி காலியாக இருந்ததே இல்லை.

மாரப்பனின் விரல்வலியை உப்பில் விட்டுவிட்டு, தெய்வானை டீயோடு உட்கார்ந்தாள். கூட வேலை பார்க்கும் வசந்தாமணி எதிரே இருந்தாள். வயதில் மூத்தவள், வாய் ஓயாதவள்.

"ஏ கண்ணு, டீ ஒழுகுது பாரு, கொழந்தையாட்ட!"

தெய்வானைக்குத் தெரியவே இல்லை. இடது பக்க உதட்டுக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். விரலுக்குத் தாடை தெரிந்தது, தாடைக்கு விரல் தெரியவில்லை. நகத்தால் கிள்ளினாள். அங்கே ஒன்றுமே இல்லை.

"அக்கா, தாடை மரத்துப்போச்சு."

"மிச்சமா இருக்கும். உப்புப் போடு, நாளைக்குக் கரைஞ்சிரும்."

"எனக்குக் கரைஞ்சிரும். யாரோட தாடையோ, அவங்களுக்குக் கரையாதே!"

வசந்தாமணி டீயைக் கீழே வைத்தாள். பல்லில் கோளாறு இல்லாமல் தாடை மரத்தால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். எங்கேயோ கிளம்பிய புற்று தாடையெலும்புக்குள் வந்து, அங்கே ஓடுகிற நரம்பை நெரிக்கிறது. வலிக்காது. வலிக்காததால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். அப்படி ஒரு ஆளை இவள் சமீபத்தில் பார்த்திருக்கிறாள், கோட்டைவிட்டு, நல்லாயிருக்கு என்று வீட்டுக்கும் அனுப்பிவிட்டிருக்கிறாள்.

தெய்வானை எழுந்து போய், அந்த மாதம் தான் பார்த்து அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்தாள்.

மறுநாளும் தாடை கரையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. "ஆழமான மிச்சம் நிக்கும் கண்ணு. எனக்கு யாரோ ஒருத்தனோட பல்வலி ஒரு மாசம் நின்னுச்சே," என்றாள் வசந்தாமணி. தெய்வானை தலைமை மருத்துவர் அர்த்தநாரியிடம் போய் நின்றாள்.

"நீங்க பாத்து அனுப்புன எல்லாரையும் திரும்பக் கூப்பிடணுமா? வெளையாடறீங்களா?" என்றார் அவர். "நம்ம ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்தாலே பாதி உசுரு போயிரும் சனங்களுக்கு."

"கூப்பிடலீன்னா ஒருத்தருக்கு முழு உசுரும் போயிரும் சார்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "சரி, நீங்களே பேசுங்க. சந்தேகமிருந்தா மட்டும் ஸ்கேன். அதுவும் அளவா."

தெய்வானை போனை எடுத்தாள். அங்கேதான் வினையே ஆரம்பித்தது. உணரியம்மாவே கூப்பிட்டு, "தாடை மரத்த மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டால் யாருக்குத்தான் மரக்காது? எல்லோரும் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, இப்பத்தான் கவனிக்கறேன், லேசா மரத்தாப்பலதான் இருக்குது," என்றார்கள். ஒரு பாட்டி தனக்கு இரண்டு பக்கமும் மரத்திருப்பதாகச் சொல்லி அழுதாள். அப்படிச் சொன்னவர்களில் மூன்று பேரை வரவழைத்து ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றும் சுத்தம்.

தரகர் சென்னியப்பன் ஒருவர்தான் போனிலேயே எகிறினார். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசுகிற மனுஷன், குரல் எட்டூருக்குக் கேட்கும்.

"இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன் அம்மிணி! சவரம் பண்றப்பத் தாடையில வெட்டுனது தெரியல, பனியன் முச்சூடும் ரத்தம்னேன். நீங்கதான் பட்டையப் போட்டுப் பாத்துப்போட்டு, நல்லாத்தான் இருக்குதுன்னீங்க. இப்ப நீங்களே கேக்கறீங்களே, இதென்ன பண்ணாட்டு, இதென்ன கூத்து?"

தெய்வானைக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அவருடைய இடுப்புவலியை உணர்ந்தாள், முட்டிவலியை உணர்ந்தாள். தாடையைக் கவனித்தபோது அது துல்லியமாக, குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது. தன் உடம்பில் உணர்ந்ததை எப்படிச் சந்தேகிப்பது? இந்த ஆளும் மற்றவர்கள் மாதிரிதான், கொஞ்சம் கூடுதலாகக் கதை கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, பயப்படாதீங்க," என்று அழுத்திச் சொல்லிப் போனை வைத்தாள். அவரை ஸ்கேனுக்குக் கூப்பிடவில்லை.

வார முடிவில் தங்கமுத்து என்பவர் வாசலில் வந்து கத்தினார். ஸ்கேனுக்கு வந்த மூவரில் ஒருத்தி அவர் மகள் மௌனிகா. கல்யாணம் நிச்சயமாகி, இரு வீட்டாரும் உப்பும் கல்யாணத் துணியும் வாங்கும் உப்பு ஜவுளிக்குப் போகவேண்டிய நாளில்தான் தெய்வானை அவளைக் கூப்பிட்டிருந்தாள்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு காயிதம் குடுத்துட்டீங்க, சரி. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க காயிதத்தப் பாக்கறாங்களா? கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போன புள்ளைன்னு சொல்லி வேண்டாம்னுட்டாங்க! ஒறம்பரைச் சனத்து முன்னால நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்? நீயும் ஒரு பொம்பளதான?"

மௌனிகா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் தெய்வானையைத் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. தெய்வானை கையெடுத்துக் கும்பிட்டாள், மன்னிச்சிருங்க என்றாள், அவர்கள் போகிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.

அர்த்தநாரி அவளை உள்ளே கூப்பிட்டார். "இன்னும் ஒரே ஒரு ஸ்கேன். அதுவும் இன்னைக்கு. அதுலயும் இல்லைன்னா இந்த விஷயத்த விட்டுருங்க. நீங்களும் பட்டையக் கழட்டி வெச்சுட்டுக் கொஞ்ச நாள் வீட்டுல இருங்க."

ஒரே ஒரு ஸ்கேன். யாருக்கு என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் தாடையெலும்பு அரித்துக்கொண்டிருக்க, எங்கோ சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கான சாட்சி தன் முகத்திலேயே இருக்கிறது, சொந்தக்காரர்தான் கிடைக்கவில்லை. தெய்வானைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பட்டைகளைச் சரிபார்க்கும் கம்பெனியிலிருந்து அஃப்ரின் வந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், பட்டைக்குள் என்ன நடக்கிறது என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவள். ஒவ்வொரு நோயாளியின் உணர்வும் பட்டையோடு இணைந்த கருவியில் கொஞ்ச காலம் பதிவாக இருக்கும். அதை ஓட்டிப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று தெய்வானைக்கு அப்போதுதான் தோன்றியது.

"அஃப்ரின், எனக்கு ஒரு ஒதவி பண்ணு தாயி. இந்த மாசப் பதிவு எல்லாத்தையும் ஓட்டி, எதுல தாடை மரப்பு இருக்குன்னு தேடித் தா."

அஃப்ரின் திருப்புளியைக் கீழே வைத்தாள். "மரப்பா? அது எப்படிக்கா பதிவுல இருக்கும்?"

"வலி இருக்குதுல்ல? அது மாதிரி."

"வலி ஒரு சேதிக்கா. நரம்பு அனுப்புது, பட்டை வாங்கி உங்களுக்குத் தருது. மரப்புன்னா சேதியே இல்லைன்னு அர்த்தம். இல்லாதத எப்படி அனுப்பும்?"

"என்ன ஒளறறே? எத்தன சர்க்கரை நோயாளிக்கு மரத்த கால நானே உணர்ந்திருக்கேன்!"

"அது ஊசி குத்தற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி இருந்திருக்கும். அதுவும் சேதிதான், அது வரும். சுத்தமா செத்துப்போன எடத்துலருந்து ஒண்ணும் வராது." அஃப்ரின் தன் கடைவாயைக் காட்டினாள். "போன மாசம் பல்லு புடுங்குனேன். மரப்பூசி போட்டிருந்தாங்க. அப்படியே ஆபீசுக்குப் போயி, சும்மா வேடிக்கைக்குப் பட்டையப் போட்டுப் பாத்தோம். எதிர்ல உக்காந்தவன், உன் வாய் நல்லாத்தான இருக்குதுன்னான்!"

"எப்படி?"

"பட்டை உங்க உணர்வ அழிக்காதுக்கா. அதுக்கு மேல அவங்களோடதையும் வெக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ரேடியோவ நிறுத்திட்டா உங்க வீட்டு ரேடியோ கேக்கற மாதிரி. அவங்க தாடையிலருந்து ஒண்ணும் வரலீன்னா, உங்களுக்கு உங்க தாடைதான் தெரியும்." அவள் சிரித்தாள். "உணரிங்க எல்லாருக்கும் இது தெரியும்னுல்ல நெனச்சேன்? யாருமே சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. பயிற்சியில் வலியைக் காட்டினார்கள், அரிப்பைக் காட்டினார்கள், எரிச்சலைக் காட்டினார்கள். இல்லாத ஒன்றைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் தரகரின் குரல்தான் தெய்வானையின் காதில் அறைந்தது. பனியன் முச்சூடும் ரத்தம். அன்றைக்கு அவர் தாடை என்று நினைத்து அவள் உணர்ந்தது, நன்றாக இருந்த தன்னுடைய தாடையை! மனுஷன் வாயால் சொன்னார், திரும்பவும் போனில் சொன்னார். உனக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லி, அவரைத்தான் அவள் ஒதுக்கினாள்.

அதற்கப்புறம்தான் மற்றது புரிந்தது. மரப்பு யாரிடமிருந்தும் வந்திருக்க முடியாது.

இரண்டு மூன்று மாதமாக விலாவில் ஒரு மந்தமான வலி. யாருடையதோ என்று உப்புச் சுற்றிப் போட்டாள். படியேறினால் ஒரு அசதி. அதுவும் யாருடையதோ. அக்குளில் ஒரு இழுப்பு, அன்றைக்குப் பார்த்த ஒரு டீச்சரம்மாவினுடையது என்று தானே முடிவு செய்துகொண்டாள். உன்னுது உன்கிட்ட, என்னுது என்கிட்ட. எதையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்!

"அக்கா, என்னாச்சு? மொகம் ஏன் இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. சார்கிட்ட ஸ்கேன் இருக்குது, ஒண்ணே ஒண்ணு." அவள் போனை எடுத்தாள். தனக்கு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். கல்லூரி முதல் வருஷம் படிக்கிற மகளை நினைத்தாள். அந்த ஒரு நிமிஷம் பெரியதாக இருந்தது. பிறகு சென்னியப்பனின் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது அவர் சம்சாரம். "அவருங்களா? நீங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்கல்ல அம்மிணி, அந்தச் சந்தோஷத்துல பழனிக்கு நடந்து போறேன்னு கெளம்பிட்டாருங்க. மூலனூர்கிட்டப் போயிருப்பாரு."

தெய்வானை ஆம்புலன்சைக் கெஞ்சிக் கேட்டு அனுப்பினாள். காவித் துண்டும் வெறுங்காலுமாக நடந்துகொண்டிருந்தவரை ரோட்டோரம் நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்ததும் வராததுமாக அவர் சத்தம் போட்டார். "சாமிக்கு நடக்கறவன நடுவழியில தூக்கியாந்தா அது யாரு மேலீங்க பாவம்?"

"என்மேல வரட்டுமுங்க," என்றாள் தெய்வானை. "நீங்க சொன்னதுதான் நெசம். நாந்தான் தப்பாப் பாத்துட்டேன். இப்பப் படுங்க." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஸ்கேன் திரையில் தாடையெலும்பின் இடது பக்கம் விளக்குப் போட்டமாதிரி எரிந்தது. இடுப்பெலும்பிலும் இரண்டு மூன்று இடம். கிளம்பிய இடம் புரோஸ்டேட். அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"மருந்துக்குக் கட்டுப்படற வகைதான். வருஷக்கணக்கா ஓட்டலாம். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா முதுகெலும்பும் போயிருக்கும்." அவர் எழுந்து வந்து அவளிடம் கைகூப்பினார். "நான் உங்கள நம்பல. தப்பு என்னுது. அந்தத் தங்கமுத்து வீட்டுக்கு நானே நேர்ல போயிப் பேசறேன். ஆளத்தான் புடிச்சிட்டீங்களே, போங்க, போய் நிம்மதியாத் தூங்குங்க."

அவள் பட்டையின் குறையைச் சொன்னாள். மரத்தது எதையும் அது காட்டாது, உணரிகள் இதுவரை நல்லாயிருக்கு என்று அனுப்பியவர்களில் எத்தனை சென்னியப்பன் இருக்கிறாரோ தெரியாது என்றாள். அர்த்தநாரியின் நிம்மதி அதோடு போயிற்று. யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். அந்தப் பரபரப்பில், இவள் தாடைக்கு மரப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளாலும் சொல்ல முடியவில்லை. வாய்வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

ஓய்வறையில் வசந்தாமணி கல்லுப்பை அள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "வா கண்ணு, வா! கில்லாடிடீ நீ! ஆளு கெடச்சாச்சுல்ல, இனி மிச்சம் தானாக் கரையும். இரு, நானே சுத்திப் போடறேன்."

"அது மிச்சமில்லக்கா."

"பின்னே?"

"என்னோடது."

வசந்தாமணியின் கை அப்படியே நின்றது. "அட போடி! வாயக் கழுவு!" என்று சீறினாள். உப்பை ஜாடியிலேயே போட்டுவிட்டு, மேஜை மேலிருந்த பட்டைகளை எடுத்தாள். தெய்வானை வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒன்றை அவள் தலையில் ஒட்டி, இன்னொன்றைத் தன் தலையில் ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். தெய்வானை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வசந்தாமணியின் முகம் மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நல்லாத்தான்டீ இருக்குது! தாடை ஜம்முனு இருக்குது! கொஞ்ச நேரத்துல என் உசுரையே எடுத்துட்டியே, பாவி!"

தெய்வானை அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. அழவில்லை. வசந்தாமணியின் பின்னந்தலையில் கைவைத்துப் பட்டையை மெதுவாக உரித்தாள். தன்னுடையதையும் உரித்துப் போட்டாள்.

"பட்டை வேண்டாங்க்கா. உங்க வெரல வைங்க. இடது பக்கம், ஒதட்டுக்குக் கீழ. நான் கண்ண மூடிக்கறேன், தொட்டதும் சொல்றேன்."

கண்ணை மூடினாள். வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. வசந்தாமணியின் வளையல் அசைவது கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"தொடுங்கக்கா. ஏன் தயங்கறீங்க?"

வளையல் சத்தம் நின்றுவிட்டது.

"சும்மா தொடுங்க, ஒண்ணும் ஆகாது."

தெய்வானை கண்ணைத் திறந்தாள். வசந்தாமணி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் விரல் ஏற்கெனவே தெய்வானையின் தாடையில்தான் இருந்தது.